குடும்பத்தோடு நகரச் சுற்றுலா: எந்தப் பகுதியில் தங்குவது? முழுமையான வழிகாட்டி

எந்த நகரம் என்று முடிவானதும் பெரும்பாலானோர் நேராக ஹோட்டல் தேட உட்கார்ந்துவிடுகிறோம். எத்தனை நட்சத்திரம், வாடகை எவ்வளவு, காலை உணவு சேர்த்தா இல்லையா, படத்தில் அறை எப்படி இருக்கிறது. பிடித்த ஹோட்டல் எங்கே இருக்கிறதோ, அதுவே நாம் தங்கும் பகுதி ஆகிவிடுகிறது. குடும்பத்தோடு போகும்போது இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வது நல்லது: முதலில் பகுதி, பிறகு தெரு, கடைசியில் கட்டடம். அறை சுமாராக இருந்தால் இரண்டு நாளில் பழகிவிடும். பகுதி சரியில்லை என்றால் போகும்போதும் வரும்போதும் தினமும் உறைக்கும்.

தனியாகப் போகிறவர் காலையில் கிளம்பினால் இரவு தூங்கத்தான் அறைக்கு வருவார். எங்கே தங்கினாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பம் அப்படி ஓடாது. மதியம் 2 மணிக்குச் சின்னவள் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பாள். பாட்டிக்குக் கொஞ்சம் முதுகைச் சாய்த்தால் தேவலை என்றிருக்கும். யாரோ ஒருவர் சட்டையில் ஜூஸைக் கொட்டியிருப்பார். அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பி, ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து, மாலையில் மறுபடி வெளியே போக முடிகிறதா? முடிந்தால் அது உங்களுக்கான பகுதி. இதற்கான விடையை ஊருக்குப் போகும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன்.

படி 1: முதலில் களைப்பவர் யார்?

ஒரு தாளை எடுத்து வருகிறவர்கள் பெயரை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயம் வேண்டும்: உட்காராமல் எவ்வளவு நேரம் நடப்பார், எத்தனை மாடி ஏறுவார், பகலில் தூங்குவாரா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை தேவைப்படும். இதில் யார் முதலில் களைப்பாரோ, அவர் வேகத்தில்தான் குடும்பமே நகரும். பகுதியை அவருக்காகத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

கைக்குழந்தை என்றால் லிஃப்ட்டும் இரவு அமைதியும் முக்கியம். 3 முதல் 7 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, ஓடி விளையாட ஒரு பூங்கா பக்கத்தில் இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த வயதில் எந்தக் கோட்டையையும்விட ஒரு சறுக்குமரம்தான் பெரிது. பெரியவர்களுக்குச் சமதளமும், கட்டட வாசல் வரை டாக்ஸி வரக்கூடிய தெருவும் வேண்டும். பாதசாரிகளுக்கு மட்டும் என ஒதுக்கிய பழைய நகரத் தெருக்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கடைசி 300 மீட்டர் பெட்டியை நீங்களேதான் இழுக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கோ இவையெல்லாம் பொருட்டே இல்லை. மாலையில் வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள, கொஞ்ச தூரம் தனியாக விட்டாலும் பயமில்லாத இடம்தான் அவர்களுக்குத் தேவை. அமைதியான குடியிருப்புப் பகுதியில் கொண்டுபோய் வைத்தால் இரவு 8 மணிக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

படி 2: பார்க்கப்போகும் இடங்களை வரைபடத்தில் குத்துங்கள்

கூகுள் மேப்ஸில் புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்கி, பார்க்க நினைக்கும் இடங்களை எல்லாம் சேமியுங்கள். பிறகு வரைபடத்தைச் சுருக்கிப் பாருங்கள். புள்ளிகள் எங்கே கொத்தாக விழுகின்றன என்பது தெரியும். பல நகரங்களில் ஒரு பெரிய கொத்தும், தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ஒற்றைப் புள்ளிகளும் இருக்கும்.

அந்த ஒற்றைப் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே ஒருநாள் போகப்போகும் தீம் பார்க்குக்காக ஐந்து நாளும் நகரத்தின் ஓரத்தில் தங்குவதில் பொருள் இல்லை. டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோ மாநகருக்குள்ளேயே இல்லை. பக்கத்து மாவட்டமான சிபாவில் இருக்கிறது. பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு நகர மையத்திலிருந்து ஆர்இஆர் ஏ ரயிலில் சுமார் 40 நிமிடம். அந்த ஒருநாளை ஒரு நீண்ட நாளாக வைத்துக்கொண்டால் போதும். இரண்டு நாள் அங்கே செலவாகும் என்றால் மட்டும் தங்குமிடத்தை இரண்டாகப் பிரிப்பதை யோசிக்கலாம். எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. பெட்டி கட்டி, செக்-அவுட் செய்து, அடுத்த அறை தயாராகும்வரை லாபியில் உட்கார்ந்திருப்பதில் குழந்தைகளோடு அரை நாள் போய்விடும்.

கொத்தின் நடுப்புள்ளியிலேயே தங்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கேதான் வாடகை உச்சத்தில் இருக்கும், கூட்டமும் இரைச்சலும் அதிகம். அதன் விளிம்பைப் பாருங்கள்: 10, 15 நிமிடத்தில் உள்ளே போய்விடலாம், நினைத்தால் வெளியே வந்துவிடலாம்.

படி 3: கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ரயில் பாதையைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "மையத்திலிருந்து 2.5 கி.மீ." என்று ஹோட்டல் தளங்கள் போடும் எண் நேர்க்கோட்டுத் தூரம். நடுவே ஆறு ஓடலாம், ரயில்வே யார்டு இருக்கலாம், இரண்டு முறை வண்டி மாற வேண்டியிருக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வண்டி மாறாமல் 25 நிமிடம் போவது, வண்டி மாறி 15 நிமிடத்தில் போவதைவிட மேல். உட்கார இடம் பிடித்துவிட்டால் குழந்தை தூங்கியே விடும். வண்டி மாறும்போதுதான் எழுப்ப வேண்டும், ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும், எல்லோரும் வந்தாயிற்றா என்று தலை எண்ண வேண்டும்.

பாரிஸின் லா தேஃபான்ஸ் நகர எல்லைக்கு வெளியே, மேற்கே இருக்கும் அலுவலகப் பகுதி. வரைபடத்தில் தொலைவாகத்தான் தெரியும். ஆனால் மெட்ரோ 1-ஆம் பாதை அங்கிருந்து கிளம்பி ஷான்ஸெலிஸே, லூவ்ர், நகரமன்றம் என்று முக்கிய இடங்களின் வாசலிலேயே நின்று போகிறது. நகரத்துக்குள்ளேயே இருந்தும் இரண்டு முறை வண்டி மாற வேண்டிய இடங்கள் பல உண்டு. டோக்கியோவில் யமனோட்டே என்ற வட்டப் பாதை இருக்கிறது: 30 நிலையங்கள், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம். உவேனோ, ஷின்ஜுகு, ஷிபுயா, டோக்கியோ நிலையம் எல்லாம் அந்த வட்டத்தில்தான். முதல் முறை போகும் குடும்பம் அந்த வட்டத்தின் ஏதாவது ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டால் வழி தவறுவதே கடினம்.

அடுத்து லிஃப்ட். மெட்ரோ இருக்கிறது என்பதும் அதில் நீங்கள் ஏறி இறங்க முடியும் என்பதும் வேறு வேறு. 1900-இல் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் படிக்கட்டுதான். 1998-இல் வந்த 14-ஆம் பாதை மட்டும் முழுவதும் படியில்லாமல் போகக்கூடியது. லண்டன் சுரங்க ரயில் 1863-லேயே ஓடத் தொடங்கியது. அதன் வயது நிலையங்களில் தெரியும். ஆனால் 2022-இல் திறந்த எலிசபெத் பாதையின் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட்டோ சரிவுப் பாதையோ உண்டு. நியூயார்க்கில் 470-க்கும் மேற்பட்ட நிலையங்களில் பாதிக்கு மேல் இன்னும் லிஃப்ட் இல்லை. சிங்கப்பூரில் இந்தக் கவலையே வேண்டாம், எல்லா நிலையங்களிலும் உண்டு. ஆகவே பழைய மெட்ரோ உள்ள நகரம் என்றால், தங்கப்போகும் நிலையத்தின் பெயரை அந்த ஊர்ப் போக்குவரத்துத் துறையின் படிக்கட்டில்லா வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இறங்கப்போகும் நிலையங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தங்கும் நிலையம் தினமும் நான்கு முறை வரும். அந்த ஒன்று சரியாக இருந்தால் போதும்.

பஸ்ஸை மறந்துவிடாதீர்கள். பாரிஸ், லண்டன் பஸ்களின் தளம் தாழ்வாக இருப்பதால் ஸ்ட்ரோலரோடு ஏறலாம், ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். மெட்ரோ தொலைவில் இருந்தும் நல்ல பஸ் பாதை வாசலில் இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்க வேண்டாம். ஆனால் நெரிசலுக்குப் பெயர்போன நகரங்களில் இந்தக் கணக்குச் சரிவராது. பாங்காக்கில் மேம்பால ரயிலுக்கு நடக்கும் தூரத்தில் இருப்பதும் இல்லாததும் மாலை 6 மணிக்குத் தெரியும்.

இப்போது சோதனை. வரைபடத்தில் "பொதுப் போக்குவரத்து" என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் போகப்போகும் கிழமையில் மூன்று நேரங்களைப் போடுங்கள்: காலை 9 மணிக்கு அறையிலிருந்து போக, மதியம் 2 மணிக்குத் திரும்ப, இரவு 9 மணிக்குத் திரும்ப. அதில் காட்டும் நடை நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். அந்தக் கணக்கு மணிக்குச் சுமார் 5 கி.மீ. நடக்கும் பெரியவருக்கானது, நான்கு வயதுக் குழந்தை ஒவ்வொரு புறாவையும் நின்று பார்க்கும். மதியம் திரும்பும் பயணம் எல்லாம் சேர்த்து 30 நிமிடத்துக்குள் வந்தால் நல்ல பகுதி. 45-ஐத் தாண்டினால், "திரும்பி வந்து ஓய்வெடுக்கலாம்" என்று சொல்லிக்கொள்வீர்களே தவிர, ஒருநாளும் வரமாட்டீர்கள்.

படி 4: வரைபடம் சொல்லாதவை

மேடு பள்ளம் வரைபடத்தில் தெரியாது. லிஸ்பனில் அல்ஃபாமாவும் பைஷாவும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். பைஷா 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர் நேரான தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது, சமதளம். அல்ஃபாமா குன்றின்மேல் ஏறும் படிகளும் சந்துகளும். இரண்டிலும் "மையத்திலேயே" என்றுதான் விளம்பரம் இருக்கும். பாரிஸின் மோன்மார்த்ரும் ஒரு குன்று. ஹாங்காங்கில் மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்காகச் சுமார் 800 மீட்டருக்குத் தொடர் எஸ்கலேட்டரே போட்டிருக்கிறார்கள். அது காலையில் 10 மணி வரை கீழ்நோக்கி மட்டும் ஓடும்.

எடின்பரோவில் இதைவிட வேடிக்கை. வரைபடத்தில் சவுத் பிரிட்ஜும் கௌகேட்டும் குறுக்கே வெட்டிக்கொள்வதாகத் தெரியும். உண்மையில் ஒன்று பாலம், மற்றது அதன் அடியில் ஓடும் தெரு. அங்கிருந்து இங்கே வரச் சுற்றிக்கொண்டோ படியேறியோதான் ஆக வேண்டும். வெனிஸில் மேடே இல்லை. ஆனால் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். ஸ்ட்ரோலரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எத்தனை பாலம் தாண்டுவீர்கள் என்று எண்ணிவிட்டுத்தான் அங்கே அறை பதிய வேண்டும். படகுத்துறைக்கும் அறைக்கும் நடுவே பாலமே இல்லாத இடங்களும் உண்டு, தேடினால் கிடைக்கும்.

வரைபடத்தின் சைக்கிள் வழியைத் தட்டினால் ஏற்ற இறக்கம் எத்தனை மீட்டர் என்று பல ஊர்களுக்குக் காட்டும். நடக்கிறவர்களுக்கும் அது உதவும்.

ரயில் நிலையத்தின் எந்தப் பக்கம் என்பது அடுத்த விஷயம். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். மேற்குப் பக்கம் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும் பெரிய ஹோட்டல்களும். வடகிழக்கே சற்று நடந்தால் கபுகிச்சோ, இரவு விடுதிகளின் பகுதி. இரண்டு ஹோட்டல்களும் "ஷின்ஜுகு நிலையத்துக்கு 7 நிமிடம்" என்றே போட்டுக்கொள்ளலாம், பொய்யில்லை. "நிலையத்துக்கு" என்று சொல்வது எந்த வாசலுக்கு என்று பாருங்கள். நிலையத்துக்குள் நடப்பதும் நடைதான். டோக்கியோ நிலையத்தில் டிஸ்னிலேண்ட் பக்கம் போகும் கெய்யோ பாதையின் நடைமேடைக்குப் போவதற்குள்ளேயே சின்னவர்கள் "தூக்கு" என்று கையை நீட்டிவிடுவார்கள், அவ்வளவு நீளம்.

படி 5: முகவரியையே ஒரு தகவலாகப் படியுங்கள்

ஹோட்டலின் பெயரில் ஊர்ப் பெயர் இருப்பதால் அது அந்த ஊருக்குள் இருப்பதாகப் பொருள் இல்லை. அஞ்சல் குறியீடு பொய் சொல்லாது. பாரிஸில் 20 வட்டாரங்கள். நடுவிலிருந்து தொடங்கி நத்தை ஓடு போல் வலமாகச் சுற்றி வெளியே போகும். 75004 என்றால் நான்காம் வட்டாரம், 75019 என்றால் பத்தொன்பதாவது. 92, 93, 94 என்று தொடங்கினால் நகரத்துக்கு வெளியே. கெட்ட இடம் என்று அர்த்தமில்லை (லா தேஃபான்ஸே 92-தான்), ஆனால் தெரிந்துகொண்டு பதிய வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை லண்டனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எழுத்து திசையைச் சொல்லும். எண் தூரத்தைச் சொல்லாது. ஒன்றாம் எண்ணுக்குப் பிறகு மற்றவை பகுதிப் பெயர்களின் அகரவரிசையில் கொடுக்கப்பட்டவை. அதனால் இ3 (E3) நகர மையத்துக்கு அருகே இருக்க, இ4 (E4) வடகிழக்குக் கோடியில் உள்ள சிங்ஃபோர்டு. லண்டனில் பார்க்க வேண்டியது போக்குவரத்து மண்டலம்: 1-ஆம் மண்டலம் மையம், 2 அதைச் சுற்றி. குடும்பங்களுக்கு 2-ஆம் மண்டலம் நன்றாகவே பொருந்தும்.

வாடகை வீடுகளில் இன்னொரு தொல்லை, பதிவு செய்யும்வரை சரியான முகவரி தெரியாது. வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் காட்டுவார்கள். அந்த வட்டத்தின் மிக மோசமான மூலையில் வீடு இருப்பதாக வைத்துக்கொண்டு மூன்றாம் படியின் சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் தேறினால் எடுக்கலாம்.

படி 6: இரவு 9 மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும்?

எந்தப் பெரிய நகரத்தையும் மொத்தமாக "பாதுகாப்பானது", "ஆபத்தானது" என்று சொல்வதில் பயனில்லை. தெருவுக்குத் தெரு மாறும். பிராங்ஃபர்ட் முக்கிய ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பகுதி வசதியில் முதலிடம். விமான நிலையத்திலிருந்து ரயிலில் சில நிமிடங்கள்தான். ஆனால் சிவப்பு விளக்குக்கும் வெளிப்படையான போதைப் புழக்கத்துக்கும் பெயர்போனதும் அதுவே. நிலையத்தின் மறுபக்கம் வேறு உலகம். ஐரோப்பாவின் பல நகரங்களில் பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்களை இரண்டு முறை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஜப்பானில் நேர்மாறு: நிலையத்தைச் சுற்றித்தான் ஊரே, எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

ஆபத்தைவிட அடிக்கடி வருகிற தொந்தரவு இரைச்சல். வரைபடத்தில் அந்தத் தெருவில் "பார்" என்று தேடுங்கள். 200 மீட்டருக்குள் ஏழெட்டு விழுந்தால், வியாழன் முதல் சனி வரை குழந்தை தூங்காது, நீங்களும்தான். ரிவ்யூக்களில் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, "இரைச்சல்", "ஜன்னல்", "தூக்கம்" என்ற சொற்களைத் தேடி, அவை வரும் ரிவ்யூக்களை மட்டும் படியுங்கள். "இளமைத் துடிப்புள்ள பகுதி" என்று எழுதியிருந்தால் இரவு 2 மணிக்குப் பாட்டு கேட்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மிகவும் அமைதியான இடத்திலும் சிக்கல் உண்டு. அலுவலகப் பகுதிகளில் வார இறுதியில் வாடகை சட்டென்று குறையும். அறைகள் பெரிதாக, லிஃப்ட்டோடு, நன்றாகவே இருக்கும். ஆனால் சனி ஞாயிறில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கவே கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்கும் குடும்பம் இதை முன்பே தெரிந்துகொண்டால் நல்லது.

படி 7: 500 மீட்டர் வட்டம்

அறையிலிருந்து 500 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பால், பழம், தண்ணீர், டயப்பர் கிடைக்கும் சூப்பர்மார்க்கெட் ஒன்று. மருந்துக்கடை. விளையாட்டுத் திடல். முன்பதிவு இல்லாமல் குழந்தையோடு நுழையக்கூடிய எளிய உணவகங்கள் இரண்டு மூன்று. ஒன்றே ஒன்று என்றால் அது மூடியிருக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். வாரத்துக்கு மேல் தங்கினால் சலவைக் கடையோ அறையில் வாஷிங் மெஷினோ. மருத்துவமனை 500 மீட்டருக்குள் வேண்டியதில்லை; குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது என்று மட்டும் சேமித்து வையுங்கள்.

திறந்திருக்கும் நேரத்தையும் பாருங்கள். மாலை 5 மணிக்குள் மூடிவிடும் கடை, 6 மணிக்கு அறைக்குத் திரும்புகிறவர்களுக்கு இல்லாத கடைதான்.

படி 8: கட்டடமும் பகுதியின் ஒரு பங்குதான்

சில பகுதிகளில் கட்டடங்களின் அமைப்பே குடும்பத்துக்கு ஒத்துவராது. ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய்க்கரை வீடுகள் ஒடுங்கலானவை. ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டுகள், பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அங்கே தாத்தா பாட்டியோடு போகிறவர்கள் கால்வாய் வட்டத்துக்குச் சற்று வெளியே, புதிய கட்டடங்கள் உள்ள பகுதிகளில் தேடினால் தேடல் சுலபமாக முடியும். மாடி எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் தரைத்தளத்துக்கு அடுத்ததுதான் முதல் மாடி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரைத்தளமே 1. பாரிஸில் "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை" என்றால் மூன்று மாடி முழுதாக ஏற வேண்டும்.

நான்கைந்து பேருக்கு வாடகை வீடு மலிவு என்று பலர் அதையே தேடுகிறார்கள். சட்டத்தை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதற்கு அனுமதி இல்லை. நியூயார்க்கில் 2023 முதல், 30 நாளுக்குக் குறைவான வாடகைக்குப் பதிவு வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேர் வரைதான். அதாவது நால்வர் குடும்பத்துக்கு அங்கே ஹோட்டல்தான் வழி. பார்சலோனா, சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. உரிம எண் போட வேண்டிய ஊரில் எண் இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் ரத்தானால் பணம் திரும்பி வரலாம்; அந்த வாரத்தில் நல்ல பகுதியில் அறை கிடைக்காது.

ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தால், நடுவே கதவு உள்ள அறைகள் "உறுதி" என்றா, "கோரிக்கை" என்றா போட்டிருக்கிறது என்று பாருங்கள். கோரிக்கை என்றால் எட்டு வயதுப் பிள்ளை வேறு தளத்தில் தூங்க நேரலாம்.

படி 9: ஓரத்தில் தங்கினால் உண்மையில் மிச்சமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மையத்துக்கு அருகே உள்ள அறையிலிருந்து ஒரு வழி 15 நிமிடம், ஓரத்தில் உள்ளதிலிருந்து 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 நிமிடம். மதியம் திரும்பி வருவதென்றால் நாளுக்கு நான்கு பயணம். ஆக நாளுக்கு 2 மணி நேரம், ஐந்து நாளில் 10 மணி நேரம். சுற்றிப் பார்க்கும் ஒரு முழு நாள் ரயிலிலேயே போய்விடுகிறது. அதோடு ஆளுக்கு டிக்கெட், களைத்துப்போய்ப் பிடிக்கும் டாக்ஸிகள், இரவு வாடகையோடு சேராத நகர வரி. இவற்றை எல்லாம் கூட்டிவிட்டு இரண்டு அறைகளின் மொத்தச் செலவையும் ஒப்பிடுங்கள்.

குழந்தைகளின் கட்டணத்தால் இந்தக் கணக்கு மாறலாம். லண்டனில் பெரியவரோடு வரும் 11 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சுரங்க ரயில் இலவசம், ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை. ஜப்பானில் 6 முதல் 11 வயதுவரை பாதிக் கட்டணம். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு லண்டனில் சற்றுத் தள்ளித் தங்குவது டிக்கெட் செலவைப் பெரிதாக ஏற்றாது. நேரம் மட்டும்தான் போகும்.

வெனிஸுக்குப் போகிறவர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி, நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்கலாமா என்பது. ரயில் சுமார் 10 நிமிடம்தான், வாடகையும் குறைவு. ஆனால் சான் மார்கோ சதுக்கத்திலிருந்து மதியம் திரும்புவது என்றால் முதலில் படகிலோ நடந்தோ ரயில் நிலையம், பிறகு ரயில், பிறகு மறுபடி நடை. வளர்ந்த பிள்ளைகள் என்றால் மெஸ்த்ரே போதும். பகலில் தூங்கும் குழந்தை இருந்தால் நாள் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது தீவுக்குள் தங்குவேன்.

படி 10: வந்து இறங்கும் நேரமும் கிளம்பும் நேரமும்

எந்த விமான நிலையம் என்று டிக்கெட்டைப் பாருங்கள். டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. நரிதா 60 கி.மீ. தொலைவில். நரிதாவில் இறங்கினால் உவேனோ பக்கம் வசதி, நேரடி விரைவு ரயில் அங்கே போகிறது. இஸ்தான்புல்லின் இரண்டு விமான நிலையங்களும் இரண்டு கண்டங்களில் இருக்கின்றன; பழைய நகரத்தில் தங்குகிறவர்கள் ஆசியப் பக்கத்து சபிஹா கோக்செனில் இறங்கினால் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் இறங்குவதாக இருந்தால் ரயில் இருக்கிறதா, வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாவிப் பெட்டியின் எண்ணை இருட்டில் தேடுவது தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செய்யும் வேலை அல்ல.

வந்திறங்கும் வசதிக்காக மட்டும் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை. அந்த இரண்டுக்கும் டாக்ஸி வைத்துக்கொள்ளலாம்.

படி 11: மூன்றாகக் குறைத்து, தெருவில் நடந்து பாருங்கள்

இதுவரை செய்ததில் இரண்டு மூன்று பகுதிகள் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் ஒரு அறையைப் பிடித்து, ஸ்ட்ரீட் வியூவில் ரயில் நிலைய வாசலிலிருந்து அந்தக் கட்டடம் வரை நடங்கள். நடைபாதை அகலமா, ஸ்ட்ரோலர் போகுமா? கருங்கல் பதித்த தெருவா? குறுக்கே பெரிய சாலை உண்டா, சிக்னல் இருக்கிறதா? கீழ்த்தளத்தில் என்ன கடை? படம் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் மூலையில் பாருங்கள். நான்கு ஆண்டுப் பழைய படத்தில் காலி மனையாக இருந்தது இப்போது கட்டுமான இடமாக இருக்கலாம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் இதை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நம்மைவிட நன்றாகக் கவனிப்பார்கள், போய் இறங்கியதும் வழியும் காட்டுவார்கள்.

மூன்றுக்கும் மதியப் பயணம், லிஃப்ட், இரவு இரைச்சல், மொத்தச் செலவு என்று நான்கே வரியில் எழுதி ஒப்பிட்டு முடிவெடுங்கள். முடிவானதை இலவச ரத்து வசதியோடு பதிந்து, ரத்துக்கான கடைசித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

அதே நாளில் விடுதிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: லிஃப்ட் எங்கள் தளம் வரை வருமா, அதற்கு முன் படிகள் உண்டா, ஸ்ட்ரோலர் உள்ளே நுழையுமா; தெருவைப் பார்க்காத, உள்பக்க அறை கிடைக்குமா; குழந்தைக் கட்டில் உறுதியா; பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா; டாக்ஸி வாசல் வரை வருமா. எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்துத் தேதிக்கு ஒரு வாரம் முன்புவரை பதில் வரவில்லை என்றால், பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் அறையைப் பதிந்துவிட்டு, பிறகு இதை ரத்து செய்யுங்கள்.